தபால் பாட்டி பதில்கள்: ஸ்ட்ரூவே தீவுக்குப் பின்கோடு கிடையாது

இரண்டு மாதத்துக்கு முன்னால், கிளாஸ்கோவில் இருக்கும் என் பேத்திக்குத் தூங்கும் நேரத்தில் வாசித்துக் காட்டும் கேட்டி மோராக் என்ற தீவுச் சிறுமியின் கதைகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். முழங்கால் வலிக்குச் சொன்ன கைவைத்தியத்துக்குக்கூட இவ்வளவு கடிதம் வந்ததில்லை. சரி, இந்த இதழ் முழுக்க அவள் வாழும் ஸ்ட்ரூவே தீவுதான். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் 31 வருடம் போஸ்ட் மாஸ்டராக இருந்தவள். வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

திருச்சியிலிருந்து ஒரு அம்மா: என் மகளுக்கு 6 வயது. பிறந்தநாளுக்கு வந்த கேட்டி மோராக் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஸ்ட்ரூவே தீவு எங்கே என்று துளைத்தெடுக்கிறாள். போனில் வரைபடத்தைத் திறந்து தேடினோம். கிடைக்கவில்லையே, அம்மா?

கிடைக்காது கண்ணு. அப்படி ஒரு தீவு இல்லை. நானும் முதலில் தேடினேன், வரைபடத்தில் அல்ல, அஞ்சல் குறியீட்டுப் பட்டியலில். தொழில் புத்தி. ஸ்ட்ரூவேக்குக் குறியீடு எதுவும் இல்லை. ஆனால் அதன் நிஜ ஊருக்கு இருக்கிறது: பிஏ78. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், உள் ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்றான கோல் தீவின் குறியீடு அது.

இந்தக் கதைகளை எழுதிப் படமும் வரைந்தவர் மாரி ஹெடர்விக். பெயரை நம் ஊர் மாரி மாதிரியேதான் சொல்ல வேண்டும். 1939-ல் பிறந்தவர், கோல் தீவில் பல காலம் வாழ்ந்தவர். முதல் புத்தகம் 1984-ல் வந்தது, கேட்டி மோராக் தபால் கொண்டுபோகும் கதை. கோல் தீவை மனதில் வைத்துத்தான் ஸ்ட்ரூவேயை வரைந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம் என் மகளும் மாப்பிள்ளையும் என்னை அங்கே கூட்டிப்போனார்கள். கிளாஸ்கோவிலிருந்து ஓபன் என்ற துறைமுக ஊருக்கு ரயில். அங்கிருந்து கப்பல். முதல் நாள் காற்று அதிகம், கப்பல் கிடையாது என்று போர்டில் எழுதிவிட்டார்கள். மறுநாளும் கிடையாது. ஜூன் மாதத்தில் இதென்ன அநியாயம் என்று நான் புலம்பினேன். பக்கத்தில் பால் டின்களும் கோழித்தீவன மூட்டையும் ஏற்றிய வண்டியோடு நின்ற தீவுக்காரப் பெண்மணி, 'இதெல்லாம் ஒன்றுமில்லை, துறையில் கட்ட முடியாத அளவுக்கு அலை இருந்தால் கோலில் நிற்காமலே அடுத்த தீவான டைரீக்குப் போய்விடும்' என்றார். எனக்குக் கொஞ்சம் ஆறுதல். 1773 அக்டோபரில் சாமுவேல் ஜான்சன் என்ற பெரிய எழுத்தாளரே புயலில் மாட்டிக் கோல் தீவில் ஒதுங்கி, பத்து நாள் போல நகர முடியாமல் கிடந்திருக்கிறார். நான் எம்மாத்திரம்.

மூன்றாம் நாள் கிளம்பியது. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பயணம். மல் தீவின் ஓரமாகவே போய்த் திறந்த கடலில் இறங்கியதும் என் வயிறு என் வசம் இல்லை. கரை தெரிந்தபோது பேத்தி 'ஸ்ட்ரூவே!' என்று கத்தினாள். விரிகுடாவை ஒட்டி வரிசையாக வெள்ளை வீடுகள், ஒரு கடை, ஒரு தேவாலயம். ஊர் பெயர் அரினகவர். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் ஆட்டுக் குடில் என்று அர்த்தம். தீவின் நீளம் சுமார் 21 கிலோமீட்டர். ஒற்றைத் தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென்று அங்கங்கே சின்ன இடம் விட்டிருக்கிறார்கள். கடந்துபோகிற ஒவ்வொரு வண்டியும் கை தூக்கிக் காட்டுகிறது. முதல் நாள் நான் யாரோ தெரிந்தவர் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் நானும் தூக்க ஆரம்பித்தேன்.

இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. புல்வெளியிலிருந்து 'கிரெக்ஸ் கிரெக்ஸ்' என்று, சீப்பின் பல்லை நகத்தால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம். கார்ன்கிரேக் என்ற பறவை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அங்கே முட்டையிடுகிறது. அதற்காகவே அங்கே காப்பிடம் இருக்கிறது. எங்கள் யார் கண்ணிலும் ஒரு தடவைகூடப் படவில்லை, தூங்கவும் விடவில்லை.

பெயரை ஏன் மாற்றினார் என்றும் உங்கள் மகள் அடுத்து கேட்பாள். என் ஊகத்தைச் சொல்கிறேன். ஏறக்குறைய இருநூறு பேர் மட்டும் இருக்கிற ஊர். அதன் நிஜப் பெயரைப் போட்டு, கோபக்காரப் பாட்டி ஒருத்தி, வம்பு பண்ணும் ஐந்து பையன்கள் என்று எழுதினால், மறுநாள் கடைக்கு உப்பு வாங்கப் போக முடியுமா? நம் ஊரிலேயே முடியாது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு அப்பா: வாங்கிக் கொடுத்தேன் பாட்டி. பையன் நாலு பக்கம் புரட்டிவிட்டு 'டிராகன் இல்லை, மந்திரம் இல்லை, ஒன்றுமே நடக்கவில்லை' என்கிறான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இதில் கதை எங்கே இருக்கிறது?

ஒன்றுமே நடக்கவில்லையா? அந்த முதல் கதையைப் படித்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது.

நடப்பது இதுதான். கேட்டி மோராக்கின் அம்மா அப்பாதான் தீவின் கடையையும் தபாலாபீசையும் நடத்துகிறார்கள். புதன்கிழமைதான் பெருநிலத்திலிருந்து படகு வரும் நாள். தபால், சாமான், விருந்தாளி எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். அன்று பார்த்துக் கைக்குழந்தை லியாமுக்குப் பல் முளைக்கிறது, ஒரே அழுகை. விரிகுடாவின் அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பார்சல்களைக் கொண்டுபோய்க் கொடு என்று இவளிடம் பையைத் தருகிறார்கள். போகிற வழியில் தண்ணீரில் விளையாடப்போய் வழுக்கி விழுகிறாள். பை நனைந்து விலாசமெல்லாம் அழிந்துவிடுகிறது. எந்தப் பார்சல் யாருக்கு? பயத்தில் ஏதோ ஒன்றை ஏதோ ஒரு வாசலில் போட்டுவிட்டு, பாட்டி வீட்டுக்கு ஓடுகிறாள்.

எங்கள் இலாகாவில் இதற்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். விலாசம் புரியாத தபாலை ஆர்.எல்.ஓ. என்ற திரும்பல் கடித அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், வாசலில் போட்டுவிட்டு ஓடக் கூடாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், இந்தப் பக்கத்தை இன்ஸ்பெக்டர் யாரும் வாசிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில். ஒரு ஐப்பசி மழையில் எங்கள் டெலிவரி ஆள் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தார். பை முழுக்க ஈரம். அப்போதெல்லாம் ஊற்றுப் பேனா மைதான், நீலமாக ஓடிவிட்டது. இட்லித் துணியை விரித்துக் கடிதங்களை ஒவ்வொன்றாகக் காயப்போட்டோம். அனுப்பியவரின் எழுத்தை வைத்து இது மிலிட்டரிக்காரர், இது பம்பாய் மருமகள் என்று ஊகித்துப் பிரித்தோம். ஒரு கல்யாணப் பத்திரிகை மட்டும் தவறிவிட்டது. பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் வெள்ளித் தட்டோடு கல்யாணத்துக்கு வந்து நின்றார்கள்! இன்றுவரை அந்த இரண்டு வீட்டுக்கும் காரணம் தெரியாது.

உங்கள் பையனுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். நாலு வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள், டப்பாவில் பேர் எழுதி. திரும்பி வந்த பிறகு அதே கதையை வாசியுங்கள். ஸ்ட்ரூவேயில் குழந்தைக்கு வேலை இருக்கிறது. அவள் தப்புப் பண்ணினால் நிஜமாகவே நாலு பேருக்குச் சாமான் போய்ச் சேராது. டிராகனை எதிர்க்கிறவனுக்குக்கூட அந்தப் பொறுப்பு கிடையாது. அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், டிராகன் புத்தகத்தையே வாங்கிக் கொடுங்கள். இது என்ன மாத்திரையா, கட்டாயப்படுத்திக் கொடுக்க?

மயிலாடுதுறையிலிருந்து ஒரு பாட்டி: நீங்கள் எழுதியதைப் பார்த்து இரண்டு பாட்டிகள் கதையை மகனிடம் சொல்லி வாங்கினேன் அம்மா. எனக்கு மனத்தாங்கல். அந்தத் தீவுப் பாட்டி எப்போது பார்த்தாலும் டிராக்டரும் கால்சட்டையுமாக, மற்ற பாட்டியைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்கு இப்படியா காட்டுவது?

இப்படித்தான் காட்ட வேண்டும் என்பேன். 1985-ல் வந்த புத்தகம் அது. கிரானி ஐலண்ட் சேற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் வாழ்கிறவள். கிரான்மா மெயின்லாண்ட் பெருநிலத்திலிருந்து வரும் அலங்காரப் பாட்டி, ஷாம்பு, சுருள் கிளிப் சகிதம். கிரானி ஐலண்டுக்கு அவளைப் பார்த்தால் எரிச்சல். ஆட்டுக் கண்காட்சி நாளில் கிரானி ஐலண்டின் பரிசு ஆடு அலெசினா சதுப்பில் விழுந்து சேறாகிவிடுகிறது. என்ன தேய்த்தும் போகவில்லை. கேட்டி மோராக் நைசாக அந்த அலங்காரப் பாட்டியின் ஷாம்புகளை எடுத்துவந்து ஆட்டைக் குளிப்பாட்டுகிறாள். அலெசினாவுக்குத்தான் பரிசு. அதோடு எரிச்சலும் அடங்குகிறது. யாரும் யாரையும் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்கவில்லை பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, என் வீட்டிலும் இதே கதைதான். என் மாப்பிள்ளை ஸ்காட்லாந்துக்காரர். சம்பந்தியம்மா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மழையில் உருளைக்கிழங்கு தோண்டுவார். கூரை ஒழுகினால் அவரே ஏணி வைப்பார். நான் பட்டுக் கரை வைத்த நூல் புடவை, பவுடர், தேங்காய் எண்ணெய். அந்த வீட்டில் கிரான்மா மெயின்லாண்ட் நான்தான்! முதல் இரண்டு வருடம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம், அவ்வளவுதான். அவர் செய்யும் கஞ்சியை நான் தொடமாட்டேன், என் ரசத்தை அவர் தொடமாட்டார்.

ஒரு நாள் அவருடைய நாய் எங்கேயோ புதரில் புகுந்து உடம்பெல்லாம் ஒட்டுமுள்ளோடு வந்தது. அவர் கத்தரிக்கோலை எடுத்தார். நான் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன். ஒரு மணி நேரம் தேய்த்து, பேன் சீப்பால் வாரி, ஒரு முடி வெட்டாமல் அத்தனையையும் எடுத்தேன். கதை மாதிரிப் பரிசு கிடைத்தது என்று நினைக்காதீர்கள். நாய் நேராகப் போய் அவருடைய வெளிர்நிற சோபாவில் படுத்தது. எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருக்கிறார். ஆனால் அன்று ராத்திரி ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

விருதுநகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: நீலி பெக், மெக்கால், மோராக். கதையில் வரும் இந்தப் பெயர்கள் எல்லாம் எந்த மொழி?

கேலிக் வழி வந்தவை. பெக் என்றால் சின்ன, மோர் என்றால் பெரிய. மெக் என்பது மகன். அதனால் நீலி பெக்கை நம் ஊரில் 'சின்ன நீலி' என்று கூப்பிட்டிருப்பார்கள். மோராக் பழைய கேலிக் பெண் பெயர்.

சென்னையிலிருந்து ஒரு வாசகி: தொலைக்காட்சித் தொடரில் மலையெல்லாம் வருகிறதே, நீங்கள் சொன்ன கோல் தீவுதானா அது அக்கா?

இல்லை. 2013-ல் சிபீபீஸ் என்ற குழந்தைகள் சேனலில் தொடங்கிய அந்தத் தொடரை எடுத்தது வெளி ஹெப்ரிடீஸில் இருக்கும் லூயிஸ் தீவில். கோல் தாழ்வான தீவு. தொடர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் புத்தகத்தின் முன் அட்டையைத் திறந்ததும் ஊர் முழுவதும் பகல் வெளிச்சத்தில் விரிவதும், கடைசியில் அதே ஊர் ராத்திரியில், ஜன்னல் விளக்குகளோடு இருப்பதும் அதில் எப்படி வரும்? என் பேத்தி கதையை விட்டுவிட்டு இந்த இரண்டு படத்தையும் மாறி மாறிப் புரட்டி, யார் வீட்டில் யார் இன்னும் தூங்கவில்லை என்று கணக்கெடுப்பாள்.

சேலத்திலிருந்து ஒரு ஆசிரியர்: எல்லாரும் நல்லவர்கள், எல்லாம் சுகம் என்று ஒரு பொம்மைத் தீவைக் காட்டுவது குழந்தைகளை ஏமாற்றுவது இல்லையா?

பாதி ஒத்துக்கொள்கிறேன் சார். 1841-ல் கோல் தீவில் 1,400 பேருக்கு மேல் இருந்தார்கள். பஞ்சமும் நிலச்சொந்தக்காரர்களின் நெருக்கடியும் சேர்ந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் பாதிப் பேர் ஊரைவிட்டே போனார்கள், கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும். சிறு குத்தகைக்காரர்களை நினைத்தபடி விரட்ட முடியாது என்ற சட்டம் 1886-ல்தான் வந்தது. நடந்துபோகும்போது கூரையில்லாத கல்வீடுகளைப் பார்த்தேன், உள்ளே பட்டால் அரிக்கும் நெட்டில் செடி ஆள் உயரம். கதையில் இதெல்லாம் வராது. அதேபோல் நிஜத் தீவுப் பிள்ளை ஆரம்பப் பள்ளி முடிந்ததும் ஓபனுக்குப் போய் விடுதியில் தங்கித்தான் மேலே படிக்க வேண்டும். கேட்டி மோராக் அந்த வயதுக்கு வருவதே இல்லை.

ஆனால் 'எல்லாரும் நல்லவர்கள்' என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1993-ல் வந்த புதிய படகுத்துறைக் கதையைப் பாருங்கள். துறை கட்டினால் படகு அடிக்கடி வரும், ஊருக்கு நல்லதுதான். கிரானி ஐலண்டுக்கோ அது பிடிக்கவே இல்லை, தீவு தீவாக இருக்காது என்று முணுமுணுக்கிறாள். ஒரு பாலமோ ரோடோ வரும்போது ஊருக்குள் இந்த இரண்டு பேச்சும் எழும் என்பது உங்களுக்கும் தெரியும். பொம்மை ஊரில் இப்படி முணுமுணுக்கும் கிழவி இருப்பாளா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: என் மகனுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லித்தான் வாசிக்கிறேன் பாட்டி. 'பீட்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். பாட்டிகளின் பெயரை எப்படிச் சொல்வது?

பீட்டை பீட் என்றே சொல்லிவிட்டு விளக்குங்கள். சதுப்பு நிலத்தில் பல்லாயிரம் வருடமாக மக்கி இறுகிய பாசியும் புல்லும்தான் அது. நீள மண்வெட்டியால் செங்கல் செங்கலாக வெட்டி எடுத்து, நம் ஊரில் வறட்டி காயவைக்கிற மாதிரி வெயிலும் காற்றும் பட அடுக்கி, அடுப்பெரிப்பார்கள். வெட்டும்போது அல்வா மாதிரி இருக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார். புகை வாசனை எனக்குப் பிடித்தது, பழைய சமையற்கட்டு ஞாபகம் வந்தது.

நான் தீவுப் பாட்டி, அக்கரைப் பாட்டி என்று சொல்லிப் பார்த்தேன். பேத்தி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு 'நீதானே அக்கரைப் பாட்டி?' என்றாள். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

மதுரையிலிருந்து ஒரு அண்ணனும் தங்கையும் (10, 7): இதே மாதிரி ஸ்காட்லாந்துத் தீவுக் கதை வேறு இருக்கா பாட்டி?

இருக்கு தங்கங்களே. தங்கைக்குப் பாலமோரி. 2002 முதல் 2005 வரை வந்த தொலைக்காட்சித் தொடர், அதுவும் கற்பனைத் தீவு. எடுத்தது மல் தீவின் டோபர்மோரி ஊரில். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கடலோரமாக வரிசை வீடுகள். தொடரைப் பார்த்துவிட்டு, குட்டிக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு எங்கெங்கிருந்தோ வந்து, எந்த வீடு யாருடையது என்று ஊர்க்காரர்களைக் கேட்பார்களாம்.

அண்ணனுக்கு டிராகன் பழக்கும் ஹிக்கப்பைத் தெரியுமே? அவன் வாழும் பெர்க் தீவை எழுதிய கிரெசிடா கவல், சின்ன வயதில் கோடை விடுமுறையை ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆளில்லாத ஒரு குட்டித் தீவில் கழித்தவர். கரண்டும் இல்லை, போனும் இல்லை. அங்கே கிளம்பியதுதான் 2003-ல் வந்த முதல் டிராகன் புத்தகம். கோயம்புத்தூர் அண்ணாவிடமும் இதைச் சொல்லுங்கள், அவர் பையன் கேட்ட டிராகனும் பக்கத்துத் தீவுக்காரன்தான்.

இன்னும் ஒன்று, இது கற்பனைத் தீவு இல்லை. புதையல் தீவு எழுதிய ஸ்டீவன்சன் 1886-ல் 'கிட்நேப்டு' என்று வேறு ஒரு நாவல் எழுதினார். அதில் ஒரு பையன் கப்பல் உடைந்து, மல் தீவுக்குப் பக்கத்தில் எரெய்ட் என்ற திட்டில் ஒதுங்குவான். நாலு நாள் பச்சைச் சிப்பியைத் தின்று, வாந்தி எடுத்து, மழையில் நடுங்கிக்கொண்டு கிடப்பான். கடைசியில் படகில் போகிற மீனவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஏன் என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம். கடல் வற்றும் நேரத்தில் அங்கிருந்து நடந்தே வெளியே வந்துவிடலாம்!

வாசகர்களுக்கு ஒரு அறிவிப்பு: இந்த மாதம் வந்த கட்டில் இரண்டு கடிதங்கள் மழையில் நனைந்து மை ஓடியிருக்கின்றன. ஒன்றில் 'அன்புள்ள பாட்டி' தவிர எதுவும் தெரியவில்லை. இன்னொன்றில் 'கிரானி ஐலண்ட்' என்ற சொல்லும், கும்பகோணம் முத்திரையும் தெரிகின்றன. இட்லித் துணியில் போட்டுப் பார்த்துவிட்டேன், பயனில்லை. எழுதியவர்கள் மறுபடி எழுதுங்கள், இந்த முறை பால்பாயிண்ட் பேனாவில்.